பாதாளக் கரண்டியும் ஆழ்துளைக் கிணறும்

கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த குடத்தை மீட்பதற்கென்று தமிழ்நாட்டு ஊர்களில் ஒரு கருவி இருந்தது. இரும்பு வளையம் ஒன்றிலிருந்து கொக்கிகள் கொத்தாகத் தொங்கும். பாதாளக் கரண்டி என்பது அதன் பெயர். எல்லா வீட்டிலும் அது இராது. தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் அதுவே பெரிது. இரவல் கேட்டு வருவோர் ஒரு பித்தளைச் செம்பை ஈடாக வைத்துவிட்டு எடுத்துச் செல்வது பல ஊர்களில் வழக்கம். கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடி தட்டியதும் மெல்லத் துழாவினால், குடத்தின் கழுத்திலோ வாளியின் பிடியிலோ ஒரு கொக்கி மாட்டும். கைக்குக் கனம் தெரிந்த பின்புதான் இழுக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கையால் அறிந்து செய்யும் வேலை அது.

இன்று நம்முள் பலர் குடியேறியிருக்கும் ஊர்களில் வாய் அகன்ற கிணறு அருகிவிட்டது. அதன் இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்திருக்கிறது. குடம் விழுந்த காலம் போய், பம்பும் மோட்டாரும் குழாயும் விழும் காலம் வந்துவிட்டது. முந்நூறு நானூறு அடி ஆழத்தில், ஒரு சாண் அகலமும் இல்லாத துளைக்குள் சிக்கிய இரும்பை எவ்வாறு வெளியே எடுக்கிறார்கள் என்பதே இப்பேச்சின் பொருள்.

இதைச் சாமராஜநகரை வைத்துப் பேசுவது பொருந்தும். மைசூருக்குத் தெற்கே, ஈரோடு, நீலகிரி மாவட்டங்களை ஒட்டிக் கிடக்கும் சீமை அது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. அதைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே தமிழ் அங்கே புதிதாக வந்து இறங்கிய மொழியன்று. மலைகளின் மறைவில் இருக்கும் சமவெளியாதலின் மழை அளவாகவே பெய்யும். சுவர்ணாவதி, சிக்கஹொளெ அணைகள் இருப்பினும், கால்வாய் எட்டாத மஞ்சள் வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரே கதி. அந்நிலமோ கடும்பாறை. மேலே சில அடி மண், அதன் கீழ் மக்கிய பாறை, அதற்கும் கீழே ஈட்டி நுழையாத கருங்கல். கல்லில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர்.

கன்னடத்தார் ஆழ்துளைக் கிணற்றைக் ‘கொளவெ பாவி’ என்பர். கொளவெ என்பது குழாய். பாவி என்ற சொல்லைக் கேட்டு நம்மவர் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டுவதில்லை. அது நமது ‘வாவி’க்கு உடன்பிறப்பு. ஆயினும் உள்ளே பம்பை விழுங்கிக்கொண்டு தர மறுக்கும் நாளில், அந்தப் பெயரைத் தமிழ்ப் பொருளிலேயே வழங்கத் தோன்றும்.

கடும்பாறையைத் துளைக்கும் தொழிலில் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு நாடறிந்த ஊர். அர்த்தநாரீசுவரர் மலையின் அடிவாரத்து ஊராகிய அங்கிருந்து புறப்படும் போர் வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று எங்கும் சென்று துளையிடுகின்றன. கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. வெளிமாநிலத்தில் எங்கோ ஒரு வயல்வெளியில் டி.என். 34 என்ற பதிவெண்ணோடு ஒரு வண்டி நின்றால், அருகே சென்று தமிழில் பேசலாம். விடை தமிழிலேயே வரும்.

துளைக்குள் விழுந்த பொருளை மீட்பதற்குத் துளைத் தொழிலார் உலகெங்கும் வழங்கும் பெயர் ‘பிஷிங்’, அதாவது மீன்பிடித்தல். உள்ளே கிடக்கும் இரும்புக்குப் பெயர் ‘மீன்’. இத்தொழில் எண்ணெய்க் கிணறுகளோடு பிறந்ததன்று. சீனத்துச் சிசுவான் மாகாணத்தில் உப்புநீர் எடுப்பதற்காக மூங்கிலையும் இரும்பையும் கொண்டே மிக ஆழமான துளைகளை இட்டார்கள். அங்குள்ள ஷென்ஹாய் கிணறு 1835-இல் 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. அவ்வளவு ஆழத்தில் உளி முறிந்து விழுந்தால் எடுப்பதற்கு விதவிதமான கவ்விகளும் கொக்கிகளும் அவர்கள் வைத்திருந்தார்கள்.

இனி நம் கிணற்றுக்குள் இறங்குவோம். பாசனத்துக்கு இடும் துளை பெரும்பாலும் 6½ அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர் விட்டமுடையது. மேல்மண் சரியாதபடி கெட்டிப் பாறை வரையில் கேஸிங் குழாய் இறக்கப்படும். அதற்குக் கீழே பாறையே சுவர். இத்துளையில் 6 அங்குல வகை நீர்மூழ்கிப் பம்பை இறக்கினால், பம்பைச் சுற்றிலும் இருக்கும் இடைவெளி ஒரு விரற்கடைகூட இல்லை. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அந்தச் சந்தில்தான் மின்சாரக் கேபிளும் செல்ல வேண்டும். துளை எங்கேனும் சற்றுக் கோணியிருந்தால் அதுவும் இல்லை.

பம்பு தொங்குவது குழாயில். குழாயின் மறை துருப்பிடித்துத் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முறுக்கு விழுகிறது. நாளடைவில் அது இணைப்பைத் தளர்த்திவிடலாம். எனினும் வெளியே எடுக்கும்போது கைநழுவி விழுவதே மிகுதி. முக்காலியும் சங்கிலிக் கப்பியும் வைத்துக் குழாயை மேலே தூக்கி, ஒரு கிளாம்பைக் கேஸிங்கின் வாயில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, மேல் குழாயைக் கழற்றி, அடுத்த கிளாம்பை மாட்டுவார்கள். கைமாறும் அந்தக் கணம்தான் ஆபத்தானது. 2 அங்குல நடுத்தர இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. அதனுள் நிற்கும் நீர் மீட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மிகுதி. நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் கிணற்றில் 100 மீட்டர்க் குழாய் தொங்கினால், பம்பும் மோட்டாரும் சேர முக்கால் டன்னுக்கு மேல் ஒரு கிளாம்பின் பிடியில் நிற்கிறது. கிளாம்பின் பற்கள் மழுங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விழுந்துவிட்டது, அல்லது விழாமலே, எடுக்கும்போது நடுவில் சிக்கி நின்றுவிட்டது. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். இரண்டுக்கும் பொதுவான முதல் மருந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. மின்சாரத்தை நிறுத்திப் பியூசைப் பிடுங்கிவிட்டு, யாரும் எதையும் இழுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாகக் கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேபிள் மின்சாரத்தைத் தாங்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. இழுத்தால் அறுந்து, வைக்கோற்பிரி போலச் சுருண்டு பம்பின் தலைமேல் விழும். அதன் பிறகு பம்பைப் பிடிக்கப் போகும் எந்தக் கருவிக்கும் முதலில் தட்டுப்படுவது பம்பன்று, இந்தச் சுருள். மீட்க முடியாமற்போன கிணறுகளிற் பலவற்றின் கதை, பாதி இவ்வகை அவசரத்தின் கதை என்பது என் எண்ணம்.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். வெளியே வந்த குழாய்களை எண்ணினால் உள்ளே நிற்பவை எத்தனை என்று தெரியும். நூலில் குண்டு கட்டி இறக்கினால் மீனின் தலை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். கேஸிங் எதுவரை, மொத்த ஆழம் எவ்வளவு, தண்ணீர் எந்த அடியில் வந்தது, பம்பின் நீளமும் விட்டமும் என்ன, குழாய் எத்தனை அங்குலம் என்பவை கிணற்றின் ஜாதகம். துளையிட்ட நாளிலேயே இதை ஒரு நோட்டில் எழுதி வைத்த குடும்பத்துக்குப் பாதிச் செலவு மிச்சம். சாமராஜநகரில் நிலம் வாங்கும் நம்மவர் பத்திரத்தை வாங்குவதோடு பழைய உடையவரிடம் இந்த ஜாதகத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. அவர் நினைவிலிருந்து சொன்னாலும் குறித்துக்கொள்ளலாம்.

தலையின் ஆழம் தெரிந்தது. தலையின் வடிவம் தெரிய வேண்டும். இந்நாளில் விளக்கோடு கூடிய சிறு காமிராவைத் துளைக்குள் இறக்கி, மேலே திரையில் பார்க்கிறார்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் காமிராவும் குருடுதான். அப்போது பழைய முறையே கைகொடுக்கும். ஒரு கட்டையின் அடியில் ஈயத்தையோ மெழுகையோ சவுக்காரத்தையோ கெட்டியாகப் பதித்து, பாரம் சேர்த்து இறக்கி, மீனின் தலைமேல் ஒருமுறை மட்டும் அழுந்த வைத்து எடுத்தால், அச்சு விழுந்திருக்கும். பிறை வடிவாக இருந்தால் குழாய் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. முழு வட்டமானால் நடுவில் நேராக நிற்கிறது. வட்டத்தின் விளிம்பு தடித்திருந்தால் தலையில் சாக்கெட் இருக்கிறது. மெலிந்து பிசிறோடு இருந்தால் மறை முறிந்த குழாய். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்திருந்தால் கேபிள் மேலே கிடக்கிறது. இரண்டாம் முறை அழுத்தினால் முதல் அச்சும் கெடும், ஆகையால் ஒருமுறைதான்.

இவ்வளவு தெரிந்த பின்பே கருவியைத் தேர்வு செய்ய முடியும். தலையில் கிடப்பது கேபிள் என்றால், பக்கமெங்கும் முள் வைத்த ஈட்டியை இறக்கி மெல்லத் திருகினால் சுருள் முள்ளில் சுற்றிக்கொள்ளும். நம் பாதாளக் கரண்டிக்கு நெருங்கிய உறவு இதுவே. குழாயின் வாய் திறந்திருந்தால், நுனி கூர்ந்து அடி பருத்த மறையாணியை அதனுள் செலுத்தித் திருகுவார்கள். எஃகு மறை குழாயின் உட்சுவரில் தானே மறை வெட்டிக்கொண்டு இறுகும். வாய் நசுங்கியிருந்தால் உள்ளிருந்து பிடிக்க வழியில்லை; வெளியிலிருந்து கவ்வும் மணிவாய்க் கருவி வேண்டும். அதன் அகன்ற விளிம்பு சுவரோரம் சாய்ந்த குழாயை நடுவுக்குக் கொணர்ந்து தன்னுள் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பல் வைத்த ஆப்புகள், இழுக்க இழுக்கக் குழாயை இறுகப் பற்றும். ஸ்பானர், போல்ட்டு போன்ற சிறு இரும்பு விழுந்தால் காந்தம் போதும். ஆனால் பம்பின் கூடு துருவேறா எஃகினால் ஆனதாயின் பெரும்பாலும் காந்தத்துக்கு அகப்படாது. அதற்குக் காந்தம் வாங்கிக் காசைச் செலவிட வேண்டாம்.

இனி, விழாமல் நடுவே சிக்கிய பம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலிமை மிகுந்தால் வேலை கெடுவது இங்கேதான்.

சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு சிறு கல். கேஸிங்கின் அடி கெட்டிப் பாறையில் சரியாக அமராவிட்டால், மக்கிய பாறையிலிருந்து சில்லுகள் உதிர்ந்து பம்பின் தோளில் வந்து தங்கும். பம்பு மேலே வரும்போது சில்லும் கூடவே வரும். துளை சற்றுக் குறுகிய இடத்தில் சில்லு சுவருக்கும் பம்புக்கும் நடுவே நுழைந்துகொள்ளும். இப்போது அது ஓர் ஆப்பு. மேலே இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் அந்த ஆப்பை அறைகிறது. அரை டன் இழுப்பில் வராதது ஒரு டன்னில் வரும் என்று கிரேனை அழைத்துவந்தால், ஆப்பு இரு மடங்கு இறுகும். கடைசியில் குழாய் முறியும். சிக்கல் ஒன்று இரண்டாகும்.

ஆப்பை நெகிழ்த்த அது இறுகிய திசைக்கு எதிரே தள்ள வேண்டும். ஆதலால் சிக்கிய உடனே தேர்ந்த கைகள் செய்வது, இழுப்பை நிறுத்திப் பம்பைக் கீழே விடுவதுதான். இரும்புக் குழாயானால் அதன் பாரமே கீழே தள்ளும். சற்றுத் தட்டியும் கொடுக்கலாம். கறுப்பு ஹெச்.டி.பி.இ. குழாயைத் தள்ளினால் வளையுமேயன்றித் தள்ளாது. ஆதலின் பாதுகாப்புக் கயிற்றையும் குழாயையும் ஓரடி தளர்த்திவிட்டுப் பம்பு தன் பாரத்தால் இறங்கக் காத்திருக்க வேண்டும். ஓரடி இறங்கினால் வெற்றியின் பாதி. இறங்கியதும் சற்றே திருப்பி, மெல்ல ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, இவ்வாறு ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஆட்டினால் சில்லு நொறுங்கும். அல்லது இடம் மாறிக் கீழே விழும். அரை நாள் ஆனாலும் ஆகட்டும். குழாயைத் திருப்பும்போது மறை இறுகும் பக்கமாகவே திருப்ப வேண்டும். தவறி மறுபக்கம் திருப்பினால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஏதோ ஓர் இணைப்பு கழன்று போகும்.

மழைக்குப் பின் சேறு இறங்கிப் பம்பைப் புதைத்திருந்தால் நோய் வேறு. சேறு பிடித்து வைப்பதோடு, இழுக்கும்போது பம்பின் அடியில் வெற்றிடம் உண்டாகி அதுவும் கீழ்நோக்கி உறிஞ்சும். சேற்றில் புதைந்த காலை வெடுக்கென்று பிடுங்கினால் செருப்பு உள்ளேயே தங்கிவிடுவது இதனால்தான். நீரோ காற்றோ அடியில் புக வழி செய்தால் உறிஞ்சல் விடும். துளை 6½ அங்குலமாக இருந்து பம்பு 4 அங்குல வகையானால், பக்கத்தில் ஒரு மெல்லிய குழாயை இறக்கிக் கம்பிரஸர் காற்றைச் செலுத்தலாம். சேறு கரைந்து மேலே கொப்பளிக்கும். பம்பே துளையை அடைத்துக்கொண்டிருந்தால் அக்குழாய்க்கு இடமில்லை. மேலே படிந்த சேற்றை மட்டும் ஊதி வெளியேற்றிவிட்டு, பொறுமையாக ஆட்டுவதொன்றே வழி.

துளையிடும்போதே ஹாமர் சிக்குவதும் உண்டு. ஹாமர் என்பது கம்பிகளின் நுனியில், துளையின் அடியிலிருந்தே காற்றின் வேகத்தால் பாறையை இடிக்கும் சம்மட்டி. அது இடித்த தூளை அதே காற்றுதான் மேலே கொண்டுவருகிறது. ஆகவே காற்று நின்றால் தூள் அப்படியே ஹாமரின் மேல் இறங்கிப் புதைத்துவிடும். சிக்குகிறது என்று தோன்றும் கணத்தில் காற்றையும் சுழற்சியையும் நிறுத்தாமல் மேலும் கீழும் ஆட்டுவது அவர்களுடைய பால பாடம். அங்கே பேசும்போது இயந்திரத்தின் ஒலியில் ஏற்படும் மாறுதலைத் துளையிடுபவர் காதால் அறிந்து கை வைப்பதை நீங்கள் காணலாம்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்? விட்டுவிடுவதும் ஓர் அறிவுதான். மீட்கும் கூலி, புதுப் பம்பின் விலை, புதுத் துளையின் செலவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வரும் வெடிப்பு, சிக்கிய பம்புக்கு மேலேயே இருக்குமானால், பழையதை அங்கேயே விட்டு, அதற்கு மேல் வேறொரு பம்பை இறக்கிக் கிணற்றை வாழவைக்கலாம். சிக்கியது எண்ணெய் நிரப்பிய மோட்டாராயின் எண்ணெய் கசிந்து குடிநீரைக் கெடுக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜாதகம் எழுதி வைத்தவருக்கே இந்த முடிவை எடுக்க முடியும். மற்றவர் கடன் வாங்கிப் பக்கத்தில் இன்னொரு துளை இடுவர்.

கைப்பம்பிலும் இதே தொல்லை வேறோர் உருவில் இருந்தது. 1970-களில் யூனிசெப் நிறுவனத்தின் துணையோடு, சென்னையில் இருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையின் பங்கும் சேர்ந்து உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு, கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் சோதிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. இன்றும் பள்ளிக்கூடத்து வாசலிலும் சந்தைத் திடலிலும் நிற்பது அதன் வம்சமே. உறுதியில் குறையில்லை. ஆனால் அடியில் இருக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், மேலே வரும் குழாயின் விட்டமோ 32 மில்லிமீட்டர். பிஸ்டன் பெரிது, வழி சிறிது. ஆகவே ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும், அதை மாற்றுவதற்காக 3 மீட்டர் 3 மீட்டராகக் குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது குழாய் நழுவி விழும். மறுபடி மீன்பிடிக்க வேண்டும். 1983 முதல் 1988 வரையில் கோயம்புத்தூரில் நடந்த கள ஆய்வுகளின் பயனாக வந்த ‘மார்க் 3’ வகையில் குழாயை 65 மில்லிமீட்டராக அகலமாக்கிவிட்டார்கள். பிஸ்டன் குழாய் வழியாகவே வெளியே வரும். அடியில் உள்ள வால்வை எடுக்க வேண்டுமானால், பிஸ்டனைக் கீழே இறக்கித் திருகினால் அது வால்வைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக மேலே வரும். மீட்கும் கருவியைப் பம்புக்குள்ளேயே வைத்த இந்த யோசனையை மிக மெச்ச வேண்டும். அகலக் குழாய்க்கு விலை கூடுதல் என்பதால் பழைய வகை இன்னும் மறையவில்லை.

கிணற்றின் வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பை வெளியே எடுத்துவிட்டுப் பழுது பார்க்கப் பட்டறைக்கு அனுப்பியிருக்கும் அந்த நாலைந்து நாள்களிலும், மீட்க முடியாதென்று கைவிட்ட பின்னும், துளை மூடியில்லாமல் இருக்கிறது. 2019 அக்டோபர் 25 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட துளை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. கர்நாடகத்தில் விஜயபுர மாவட்டத்து லச்சியாண் கிராமத்தில் 2024 ஏப்ரலில் விழுந்த குழந்தையை, பக்கத்தில் குழி வெட்டி, ஏறத்தாழ 20 மணி நேரத்துக்குப் பின் உயிரோடு எடுத்தார்கள். இரும்பை மீட்கும் ஆணியும் கவ்வியும் இங்கே உதவுமா?

2010-இல் உச்ச நீதிமன்றம் இது குறித்து விதிகள் வகுத்திருக்கிறது. அவை எல்லா மாநிலத்துக்கும் பொது. துளையிடுவதற்கு 15 நாள் முன்பே நில உடையவர் எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்வேலி வேண்டும். கேஸிங்கைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டருமாகச் சிமெண்டு மேடை கட்ட வேண்டும். வாயை இரும்புத் தகடு பற்றவைத்தோ, போல்ட்டு நட்டினால் முடுக்கிய கெட்டி மூடியாலோ அடைக்க வேண்டும். பம்பு பழுது பார்க்கும் காலத்தில்கூடத் திறந்து விடக் கூடாது என்று அவ்விதிகள் தனியாகவே சொல்கின்றன. சாக்கை மடித்துச் செருகி மேலே ஒரு கல் வைப்பது மூடி ஆகாது.

கைவிட்ட துளையைத் தூர்ப்பதற்குத் துளையிட்ட தூளே போதும். களிமண், மணல், கூழாங்கல் எதுவாயினும் ஆகும். ஒரே மூட்டையாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு, கீழே வெற்றிடமாகவும் மேலே நிரம்பியதாகவும் தோன்றும். சிறிது சிறிதாகப் போட்டு, இடையிடையே தண்ணீர் ஊற்றி, நூல்குண்டு இறக்கி அளந்து, அடியிலிருந்து தரைமட்டம் வரையில் நிரப்ப வேண்டும். அடுத்த மழைக்குப் பின் மண் அமிழ்ந்து ஓரிரு அடி குழிந்திருக்கும். அப்போது சென்று இன்னும் சில கூடை மண் போட வேண்டியிருக்கும்.